வண்டிக்குள் கேட்ட குரல்

டாக்ஸி ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர நான் வாயைத் திறக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் எந்த கியர் போட வேண்டும் என்பதை மலையே சொல்லிக்கொடுத்துவிடும். அது சொல்லிக்கொடுக்கிறபோது நீங்கள் உயிரோடு இருந்தால் சரி.

நேற்று உங்களில் ஒருவர் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "பெருசு, இதுல போனைக் கையில எடுக்கவே வேணாம். காரே பேசும், காரே கேக்கும்" என்று என்னிடம் அளந்தார். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சங்கதியோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு என்று அவருக்குத் தெரியாது. கொடைக்கானலில் பாதிப் பேர் கையில் செல்போனே இல்லாதபோது, வைத்திருந்தவர்களும் சிக்னலுக்காக மொட்டைப் பாறை மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்த காலத்தில், காரே பேசி, காரே கேட்ட ஒரு நாள் எனக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பாதியில் சவாரி வந்தால் எழுந்து போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் நம் தொழிலில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். செல்போனுக்கு முன்னால், சாவுச் சேதியெல்லாம் ஸ்டாண்டு பக்கத்து டெலிபோன் பூத்துக்குத்தான் வரும். கீழேயிருந்து யாராவது பேசி, "இன்னாருக்குத் தகவல் சொல்லி வண்டியில ஏத்தி அனுப்புங்க" என்பார்கள். எனக்குத் தொழில் பழக்கிய மூத்த டிரைவர் ஒருவர் ஒரே விதிதான் வைத்திருந்தார்: "கெட்ட சேதிய மலையில அவுக்காத. அடிவாரத்துல அவுத்து விடு." வளைவில் ஓடும் வண்டிக்குள் ஒரு மனிதர் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தால் என்ன ஆகும் என்று அவர் கண்ணால் பார்த்திருந்தார். அதனால் "மாமாவுக்கு ஒடம்புக்கு முடியலயாம், வெரசா வரச் சொன்னாக" என்று மட்டும் சொல்லி ஏற்றிக்கொள்வோம். சேதி நம் வயிற்றுக்குள் கிடக்கும். இறங்கி, சமவெளிக் காற்று அடித்ததும், ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வோம். ஏறுகிறவர்களுக்கும் இது தெரியும். டிரைவர் அதிகமாகப் பேசாமல் ஓட்டினால் அவர்களே வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள். வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் மாமா உயிரோடு இருப்பார்.

இப்படி எத்தனையோ சேதிகளைச் சுமந்து இறங்கியிருக்கிறேன். இந்த விதி ஒரு காருக்குத் தெரியாமல் போகும் என்று அந்த மூத்தவர் நினைத்திருக்க மாட்டார்.

நான் சொல்லும் காலத்தில் என் சொந்த வண்டி கைவிட்டுப் போயிருந்தது. ஆக்டிங் டிரைவராக ஓடிக்கொண்டிருந்தேன். சமவெளிக்காரர்கள் சொந்தக் காரில் எப்படியோ ஏறி வந்துவிடுவார்கள். இறங்கும்போதுதான் கை நடுங்கும். அப்போது நம்மைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டவர்தான் முரளி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முப்பது வயதைத் தாண்டியவர். அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்திருந்தார்.

அந்த அம்மா பெயர் செல்லம்மா. பள்ளங்கியில் வீடு. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி இங்கே வந்தவர்கள். புருஷன் வெள்ளனே போய்ச் சேர்ந்துவிட, பூண்டுக் காட்டிலும் காரட் காட்டிலும் கூலிக்கு நின்று ஒற்றை மகனைப் படிக்க வைத்தவர். பின்னலை அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே போகும் முடி. பாதி நரைத்திருந்தாலும் அடர்த்தி குறையவில்லை. வயிற்றில் ஏதோ கட்டி என்று போன வாரம்தான் கோயம்புத்தூரில் சதையெடுத்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். மறுபடி காட்ட வேண்டும் என்று புறப்பாடு. சாதாரணக் கட்டி என்றுதான் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தது.

காலையில் பள்ளங்கிக்குப் போய் வண்டிச் சாவியை வாங்கினேன். வெளிநாட்டு மாடல். உள்ளே உட்கார்ந்தால் விமானத்தில் உட்கார்ந்தது போல அத்தனை விளக்கு. செல்லம்மா பின்சீட்டில், முரளி எனக்குப் பக்கத்தில். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, வண்டிக்குள் மணி அடித்தது. ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானை முரளி எட்டி அமுக்கினார். அவ்வளவுதான், நான்கு மூலையிலிருந்தும் ஒரு பெண் குரல், "ஏங்க, காஸ் புக்கை எங்க வச்சீங்க?" என்று அதட்டியது.

"ஆத்தாடி!" என்று பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"பேய் இல்ல தம்பி, எங்க மருமக. அவ பெங்களூர்ல இருக்கான்னுதான் பேரு, குடியிருக்கிறது இந்த வண்டிக்குள்ளதான்."

"அத்தை, கேலி பண்ணாதீங்க. ஸ்வெட்டர் போட்டிருக்கீங்களா?" என்றது குரல்.

"போட்டிருக்கேன் புள்ள."

"ஹீட்டர் போடச் சொல்லுங்க. உங்களுக்குக் குளிர் ஆகாது."

முரளி சிரித்தபடி எனக்கு விளக்கினார். போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்குமாம். சாவி போட்டதும் காரும் போனும் தாமாகக் கைகோத்துக்கொள்ளுமாம். மைக் தலைக்கு மேலே விளக்குப் பக்கத்தில். யார் எங்கிருந்து பேசினாலும் வண்டிக்குள் கேட்கும், வண்டிக்குள் எது பேசினாலும் அங்கே கேட்கும். அந்த மருமகளின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும்.

பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில் திரும்பினோம். சாரல். மஞ்சு, அதுதான் மலைப் பனிமூட்டம், ரோட்டை மூடிக்கொண்டு கிடந்தது. ஹீட்டர் ஓடியதால் உள்ளே கதகதப்பு. செல்லம்மா கால்களை மேலே இழுத்துச் சீட்டில் வைத்து, சேலைக்குள் மூடிக்கொண்டார். சவரிக்காடு வருவதற்கு முன்னால் ஒரு வளைவில் போனுக்கு உயிர் வரும்; டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்த இடம். அங்கே மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை முரளி பொத்தானை அமுக்கவில்லை. பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அண்ணே, ஓரமா நிப்பாட்டுங்க. ஆபீஸ் போன். வெளிய நின்னு பேசிட்டு வந்துடுறேன்."

நான் ஓரம் கட்டி, வழக்கம்போலச் சாவியில் கை வைத்தேன்.

"ஆஃப் பண்ணாதீங்கண்ணே, ஹீட்டர் ஓடட்டும். அம்மாவுக்குக் குளிரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினார். தடுப்புச் சுவர்ப் பக்கம் நாலெட்டு நடந்து, பச்சைப் பொத்தானை அமுக்கிப் போனைக் காதில் வைத்தார்.

குரல் அவர் காதுக்குப் போகவில்லை. எங்கள் வண்டிக்குள் வந்தது.

"முரளி, டாக்டர் பேசுறேன். பயாப்ஸி ரிசல்ட் வந்துருச்சு."

கண்ணாடிக்கு வெளியே முரளி "ஹலோ, ஹலோ" என்பது வாயசைவில் தெரிந்தது. போனை எடுத்துப் பார்க்கிறார், மறுபடி காதில் வைக்கிறார். போன் இன்னும் காரின் கையை விடவில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டார். இந்த மலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"முரளி, கேக்குதா? அம்மா பக்கத்துல இல்லையே?"

தம்பிகளே, அந்த நேரம்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. என் கை சாவியில் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் வண்டி செத்துவிடும், குரலும் செத்துவிடும். முப்பது வருஷம் சேதியை அடிவாரம் வரைக்கும் கட்டிக்கொண்டு போன கை அது. திருப்பத்தான் போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளை இறுக்கிப் பிடித்தது. காட்டு வேலை பார்த்துக் காய்த்துப்போன கை. அந்தப் பிடி இன்னும் என் தோளில் இருக்கிறது.

செல்லம்மா மைக் பக்கம் முகத்தைத் தூக்கி, தொண்டைக்குள்ளேயே "ம்ஹூம்" என்றார். அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் இல்லை என்று அம்மாவே சொன்னார்.

டாக்டருக்கு அது போதுமாயிருந்தது. மேலே சொன்னார். கேன்சர்தான் என்றார். ஈரல் வரை பரவிவிட்டது, ஆபரேஷன் கட்டம் தாண்டிவிட்டது என்றார். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் ரொம்ப நாள் கணக்குப் போட வேண்டாம் என்றார். நல்ல மனிதர்தான், குரல் தாழ்ந்துதான் பேசினார். ஆனால் அந்த வண்டியின் ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சொல்லும் நான்கு மூலையிலிருந்தும் வந்து அந்த அம்மாவைச் சுற்றி நின்றது.

"இன்னொண்ணு முரளி. மொத மருந்துலயே முடி கொட்டிரும். அம்மாவுக்கு நீளமான முடி வேற. கொத்துக் கொத்தா வரும்போது பாத்து ஒடைஞ்சு போயிடுவாங்க. முன்னாடியே எடுத்துட்டா நல்லது. பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

வெளியே முரளி சிக்னல் தேடி ரோட்டோரமாகத் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தார். வளைவுக்கிட்டே போனதும் வண்டிக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டு, குரல் அறுந்தது. கார் கையை விட்டுவிட்டது, போன் போனாகிவிட்டது. அவர் சட்டென்று நின்று காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இப்போதுதான் அவருக்குக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. "மொதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்று கேட்டிருப்பார். மஞ்சுக்குள் ரொம்ப நேரம் நின்றார். பிறகு தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்.

வண்டிக்குள் ஹீட்டர் சத்தம் மட்டும். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். செல்லம்மா அழவில்லை. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்வெட்டர்கூடப் போடாமப் போயிட்டான் பாருங்க" என்றார்.

"அக்கா…" என்றேன். 

"தம்பி, நான் கேட்டது அவனுக்குத் தெரியக் கூடாது. என்கிட்ட மறைக்கணும்னுதானே அந்தக் குளிருல போயி நிக்கிறான்? மறைச்சுட்டுப் போகட்டும். நான் இருக்கிற மட்டும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"சரிக்கா."

"சத்தியம் பண்ணுங்க."

ஸ்டியரிங்கில் அடித்துச் சத்தியம் செய்தேன். டிரைவருக்கு அதைவிட என்ன இருக்கிறது?

முரளி வந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, துடைத்துக்கொண்டு, சிரிப்பு ஒன்றைத் தயார் செய்துகொண்டு கதவைத் திறந்தார். 

"டாக்டரும் பேசுனாரும்மா. பெருசா ஒண்ணுமில்லயாம். கொஞ்ச நாள் மருந்து ஏத்துனாச் சரியாயிடுமாம்."

"அப்படியா மகன், நல்லது" என்றார் செல்லம்மா.

வண்டியை எடுத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு இறங்கின மாதிரி பயந்து நான் எந்த நாளும் இறங்கியதில்லை. முன்சீட்டில் ஒருவர் சேதியை மறைத்துக்கொண்டு வருகிறார். பின்சீட்டில் ஒருவர் அது தெரியாதது போல வருகிறார். நடுவில் நான். சாவியைத் திருப்பியிருக்க வேண்டுமோ என்று ஒரு வளைவில் தோன்றும். அடுத்த வளைவில், அந்த அம்மா உடம்பைப் பற்றிய சேதி, அதைக் கேட்க அவரைவிட யாருக்கு உரிமை என்று தோன்றும். எங்கள் மூத்தவர் சொன்ன விதியில் சேதி எப்போதும் இன்னொருவருடையதாகத்தான் இருந்தது. சாகப்போகிறவரே வண்டிக்குள் இருந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லித்தரவில்லை.

சமவெளி தெரிய ஆரம்பித்ததும் செல்லம்மா வாயைத் திறந்தார்.

"தம்பி, பழனியில நிப்பாட்டணும். எனக்கொரு நேர்த்திக்கடன் கெடக்கு."

முரளி திரும்பினார். "இப்பவாம்மா? மதியம் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

"முடி எடுக்கணும் மகன். நீ வேலைக்குப் போனப்ப வேண்டிக்கிட்டது. தள்ளித் தள்ளிப் போயிட்டே கெடக்கு."

முரளிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எப்படிச் சொல்வது என்று அவர் மலை முழுக்க நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டு வந்த விஷயம் அது. அதை அம்மாவே எடுத்து மடியில் போட்டுவிட்டார். "பூமுடி குடுத்தாப் போதாதாம்மா?" என்றார். நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

"ஏலாது மகன். சாமிகிட்ட அரைகொறை வச்சுக்கக் கூடாது. முழுசாக் குடுத்துட்டுப் போவோம்."

முரளி என்னைப் பார்த்தார். "என்னண்ணே, நேரமாயிடுமா?"

என்னிடம் கேட்டதற்கு நான் ஒரே ஒரு தடவைதான் அன்றைக்கு வாயைத் திறந்து யோசனை சொன்னேன். "போற வழிதான சார். சாமி சோலி, தட்டாதீங்க."

முடிக்கொட்டகையில் கூட்டம் அதிகமில்லை. பையைப் பிடித்துக்கொள்ள என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். செல்லம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து தானே பின்னலை அவிழ்த்தார். முடியெடுக்கிறவர் அந்த நீளத்தைப் பார்த்துக் கத்தியை வைக்கத் தயங்கினார்.

"ஏம்மா, இம்புட்டு முடிய முழுசாவா?"

"ஆமாய்யா. நல்லா இருக்கிறப்பவே குடுத்துரணும். கொட்டிப் போனதப் பொறுக்கிட்டு வந்து குடுத்தா முருகன் வாங்குவானா?"

 முரளிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, விழுகிற முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றி, சந்தனம் அப்பி எழுந்தபோது அந்த அம்மாவின் தலை சின்னக் குழந்தை தலை போல இருந்தது. "எப்படி மகன் இருக்கேன்?" என்று கேட்டுச் சிரித்தார்.

"அழகா இருக்கம்மா" என்றவர், என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

"அண்ணே, அம்மாவுக்குக் கேன்சர்ண்ணே. முடி போயிடும்னு டாக்டர் சொன்னாரு. அதை எப்படிச் சொல்றதுன்னு உயிரே போச்சு. அவங்களே கேட்டுட்டாங்க பாத்தீங்களா? நான் கோயிலுக்கே போகாதவன். சாமி இருக்குண்ணே. சத்தியமா இருக்கு."

 உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கில் சத்தியம் வாங்கியிருக்கிறார். "ஆமாங்க சார், இருக்கு" என்றேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன், முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று.

கோயம்புத்தூரில் இறக்கிவிட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் செல்லம்மா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

அடுத்த சீசன் வருவதற்குள் முரளியிடமிருந்து போன் வந்தது. பள்ளங்கி வீட்டைக் காலி செய்ய வந்திருந்தார். போய்ப் பார்த்தால், அம்மாவுக்குக் காரியம் செய்த மகனின் மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அதே கார். சட்டி பானைகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, அம்மாவின் போர்வை ஒன்றை மட்டும் பின்சீட்டில் மடித்து வைத்திருந்தார். பழனி ரோட்டிலேயே இறங்கலாம் என்றார்.  பெருமாள்மலையில் டீ குடித்தபோது சொன்னார்:

"கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாதுண்ணே. நல்லாயிட்டு வருதும்மான்னு தினம் சொல்லுவேன். 'அப்படியா மகன், நல்லது'ம்பாங்க. நம்பிக்கையாவே போய்ச் சேந்துட்டாங்க. ஆனா ஒண்ணுண்ணே, எதுவுமே சொல்லிட்டுப் போகல. எங்க புதைக்கணும், எதை யாருக்குக் குடுக்கணும், ஒண்ணுமே கேக்காம விட்டுட்டேன். கேட்டாத் தெரிஞ்சு போயிடுமே. பொய்யச் சொல்லியே அனுப்பி வச்சுட்டேனோன்னு இருக்கு. தூக்கமே இல்லண்ணே."

அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துபோனது: இது பாரம் ஏற்றின வண்டி, இதை இப்படியே சமவெளிக்கு இறக்கக் கூடாது. நான் இருக்கிற மட்டும் என்றுதான் அந்த அம்மா சொன்னார். அவர் இப்போது இல்லை. இருந்தாலும், சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சவரிக்காட்டுக்கு முந்தின அதே வளைவில் மணி அடித்தது. பெங்களூர். அழுதுவிடுவோம் என்று பயந்தாரோ என்னவோ, முரளி பொத்தானை அமுக்கவில்லை. "நிப்பாட்டுங்கண்ணே" என்று இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, அதே தடுப்புச் சுவர்ப் பக்கம் போனார்.

என் கை சாவிக்குப் போயிற்று. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா? ஹலோ? கேக்குதா?" என்று மருமகளின் குரல் வண்டிக்குள் வந்தது. வெளியே முரளி "ஹலோ, ஹலோ" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். குரல் வெளியே போனது.

முரளி திரும்பினார். போனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு நடந்து வந்து, முன்கதவைத் திறக்காமல் பின்கதவைத் திறந்து, அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கும் இப்படித்தானாண்ணே?"

"ஆமாங்க சார்."

"எல்லாமேவா?"

"முடி கொட்டுறது வரைக்கும். நான் அணைக்கத்தான் போனேன். அக்கா என் தோளப் புடிச்சுக்கிட்டாங்க. அம்மா பக்கத்துல இல்லையேன்னு டாக்டர் கேட்டாரு. 'ம்ஹூம்'னுட்டாங்க."

முரளி எழுப்பிய சத்தத்தை நான் வாயால் சொல்ல முடியாது. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்ப பழனியில… சாமி இருக்குன்னு நான் அழுதேனே. ஏண்ணே சும்மா இருந்தீங்க?"

"நீங்க சொன்னது தப்புன்னு எனக்குத் தோணலங்க சார்."

அவர் மடியில் கிடந்த போர்வையை நீவிவிட்டார். தனக்குத்தானே பேசுவது போல, "அத்தனை நாளும் நான் நடிச்சதப் பாத்துட்டே இருந்திருக்காங்க. எத்தனை அசிங்கம்" என்றார்.

"அசிங்கம் இல்லங்க."

சொன்னது நான் இல்லை. வண்டி. போனை அணைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மருமகள் லைனிலேயே இருந்திருக்கிறார், தலைக்கு மேலிருந்த மைக் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

"அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. போர்வை உங்களுக்கு, கம்மல் நம்ம பாப்பா பொறந்தா அவளுக்கு. உங்கப்பா பக்கத்துலதான் பொதைக்கணும்னு சொன்னாங்க. நாந்தானே அத்தைய அங்க கொண்டு போகச் சொன்னேன்? என் யோசனைன்னு நெனச்சீங்களா?" குரல் உடைந்தது. திரும்பச் சேர்ந்தது. "'அவன் நல்லாப் பொய் சொல்லிட்டிருக்கான் புள்ள, கலைச்சுடாத. எனக்கு நல்லாயிடும்னு சொல்றப்ப அவன் மொகம் கொஞ்சம் தெளிவாகுது, அதப் பாத்துட்டே போயிடுறேன்'னாங்க."

முரளி போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். அம்மா செத்ததற்கு அன்றுதான் முதல் தடவையாக அழுகிறார் என்று எனக்குப் பட்டது. எனக்கும் கண் மறைத்தது. மலையில் வைத்துச் சேதியை அவிழ்த்துவிட்டேன், எங்கள் மூத்தவர் இருந்திருந்தால் செவிட்டில் ஒன்று விட்டிருப்பார். ஆனால் வண்டி நின்றுகொண்டிருந்தது, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன்.

தம்பிகளே, சவாரி வந்தவர் பேச இறங்கினால் சாவியைத் திருப்பிவிடுங்கள். அதுதான் விதி, அதில் மாற்றமில்லை. எந்த நாள் திருப்பக் கூடாது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை, தோளில் ஒரு கைப்பிடிதான் இருக்கிறது.

அன்றைக்கு மஞ்சு இறங்கி ரோட்டை மூடியது. வண்டிக்குள் மறுபடி அந்தக் குரல் வந்தது, இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டு.

"டிரைவர் அண்ணே, அவரு ஸ்வெட்டர் போட்டிருக்காரா?"

கண்ணாடியில் பார்த்தேன். "இல்லம்மா" என்றேன்.

"ஹீட்டர் போட்டு விடுங்கண்ணே."

"ஓடிட்டுத்தாம்மா இருக்கு" என்றேன்.